நாள்பட்ட நோயோடு கல்லூரியில்: சிறப்பு ஏற்பாடுகளைக் கேட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

டைப் 1 சர்க்கரை நோய், குரோன்ஸ் (நாள்பட்ட குடல் அழற்சி), லூபஸ் (நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கும் நோய்), வலிப்பு, கடுமையான மைக்ரேன், தலசீமியா என்ற இரத்த நோய், சிறுநீரகக் கோளாறு. இவற்றில் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போகிற மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. நோய் ஒரே நிலையில் இருக்காது. திங்கட்கிழமை எல்லோரையும் போல வகுப்பில் உட்கார்ந்திருந்தவர், புதன்கிழமை படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பார். கல்லூரிகள் செய்து தருகிற ஏற்பாடுகளோ பெரும்பாலும் என்றும் மாறாத குறைபாட்டை மனதில் வைத்து உருவானவை: சாய்தளம், கூடுதல் நேரம், எழுத ஒருவர். ஏறி இறங்குகிற நோய்க்கு அவை பாதிதான் பொருந்தும்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே, உடம்பு முடியாத நாளுக்கான விதியை எழுத்தில் வாங்கி வைத்துவிட வேண்டும். காய்ச்சலோடும் வலியோடும் படுத்திருக்கும்போது ஒவ்வொரு ஆசிரியரிடமாகக் கெஞ்சுகிற நிலை எந்த மாணவருக்கும் வரக்கூடாது.

## "எனக்கு இதெல்லாம் பொருந்துமா?"

நிறையப் பேர் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். "நான் மாற்றுத்திறனாளி இல்லையே, நடக்கிறேன், பேசுகிறேன், மருந்து எடுத்தால் சரியாகத்தானே இருக்கிறேன்" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார்கள். சட்டங்கள் இப்படிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகின்றன. 2008இல் வந்த திருத்தம் நாள்பட்ட நோயாளிகளுக்கு மிக முக்கியமானது. நோய் விட்டு விட்டு வந்தாலும், இப்போதைக்கு அடங்கியிருந்தாலும், அது கிளம்பும்போது ஒருவரை எவ்வளவு முடக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. மருந்தால் கட்டுக்குள் இருப்பதைக் காட்டி ஒருவரைத் தள்ளிவிட முடியாது. செரிமானம், நோய் எதிர்ப்பு, நாளமில்லாச் சுரப்பிகள் போன்ற உடலின் உள்வேலைகளும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம். பாதிப்பு 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். புற்றுநோய், எச்.ஐ.வி., மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) ஆகிய மூன்றுக்கும் நோய் உறுதியான நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கில் செல் ஆகிய இரத்த நோய்களும், மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், நாள்பட்ட நரம்பியல் நோய்கள் ஆகியவையும் அதில் உண்டு. டைப் 1 சர்க்கரை நோய், குரோன்ஸ், லூபஸ் ஆகியவை பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. எழுதும்போது கைத் தசை இறுகும் கோளாறு உள்ள ஒரு தேர்வரின் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பைக் காட்டி உதவி எழுத்தரை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கான தேர்வு வழிமுறைகளை மத்திய அரசு 2022இல் வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் அதில் அடங்கும். சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம் போன்றவற்றைக் கொண்டு செல்ல சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதித்திருக்கிறது. கல்லூரி தயங்கினால் இதை எடுத்துக்காட்டாகக் காட்டலாம்.

## முதல் படி: உங்கள் உடம்பைப் பற்றிய குறிப்பு

டாக்டரிடம் போவதற்கு முன்பே, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். நோயின் அறிகுறியை மட்டும் எழுதினால் போதாது, அது படிப்பில் எதைத் தடுத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "வயிற்று வலி" என்பது அறிகுறி. "காலை 9 மணி வகுப்பில் மூன்று முறை வெளியே போனேன், பாதி விரிவுரை போய்விட்டது" என்பதுதான் கல்லூரிக்குப் புரிகிற மொழி.

கூடவே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தேதி முன்கூட்டியே தெரிந்த சிகிச்சைகள். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி ஏற்றிக்கொள்கிற குரோன்ஸ் நோயாளிக்கு, ஆரம்பத் தவணைகள் முடிந்த பிறகு வழக்கமாக 8 வாரத்துக்கு ஒருமுறை அது வரும். டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். தலசீமியாவுக்கு இரத்தம் ஏற்றுவது சில வாரங்களுக்கு ஒருமுறை. இவற்றைக் காலண்டரில் குறித்து, பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிடலாம். மற்றொன்று, சொல்லாமல் வருகிற நாட்கள். கல்லூரியோடு இழுபறி நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதற்காகத்தான். எனவே கடந்த ஆண்டில் அப்படி எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் நீடித்தது என்பதற்கு ஒரு நேர்மையான கணக்கு கையில் இருக்கட்டும்.

## இரண்டாம் படி: டாக்டரிடமிருந்து சரியான கடிதம்

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "இவர் இன்ன நோயால் பாதிக்கப்பட்டுள்ளார். தேவையான உதவிகளைச் செய்து தரவும்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு கல்லூரியில் இந்த ஏற்பாடுகளைக் கவனிக்கும் அலுவலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டர் வேண்டுமென்றே செய்வதில்லை. கல்லூரிக்கு என்ன தேவை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நீங்கள் எழுதிய குறிப்பையும், அலுவலகம் கேட்கும் படிவத்தையும் கையோடு கொண்டு போங்கள். கடிதத்தில் வர வேண்டியவை: நோய் எப்போதிலிருந்து இருக்கிறது, எவ்வளவு காலம் நீடிக்கும், கிளம்பும்போது என்ன ஆகும், எவ்வளவு அடிக்கடி வரும், மருந்தின் பக்கவிளைவு என்ன, அதற்கு எந்த ஏற்பாடு ஏன் தேவை.

இப்படி இருந்தால் நல்லது:

"இவருக்குக் குரோன்ஸ் நோய் உள்ளது. இது வாழ்நாள் முழுவதும் தொடரும். நோய் தீவிரமாகும் காலங்களில் ஒரு நாளில் பலமுறை, தள்ளிப்போட முடியாத அவசரத்தோடு கழிப்பறை செல்ல நேரும். கடும் சோர்வும் வலியும் இருக்கும். பருவத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டிலிருந்து ஐந்து நாட்கள் வரை இது நீடிக்கலாம். அந்நாட்களில் வகுப்புக்கு வருவதோ குறித்த நாளில் பணிகளை ஒப்படைப்பதோ இயலாமல் போகலாம். எனவே தேர்வின்போது நேரக் கணக்கை நிறுத்திவைக்கும் இடைவேளைகளும், வருகைப்பதிவிலும் ஒப்படைப்புத் தேதிகளிலும் தளர்வும் மருத்துவ ரீதியாக அவசியம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. காரணமும் கோரிக்கையும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்போது மறுப்பது கடினம். மருத்துவ விவரம் முழுவதையும் கொட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையும் பரிசோதனை முடிவுகளும் பொதுவாகத் தேவைப்படாது.

## மூன்றாம் படி: எதைக் கேட்பது?

"கூடுதல் நேரம்" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. பல நோய்களுக்கு அது சரியான தீர்வே இல்லை.

டைப் 1 சர்க்கரை நோயுள்ள ஒருவர் மூன்று மணி நேரத் தேர்வு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம் கடந்ததும் கை லேசாக நடுங்குகிறது, கழுத்தில் வியர்க்கிறது, படித்த கேள்வியையே மூன்றாவது முறையாகப் படிக்கிறார். இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. வேகமாக இரத்தத்தில் கலக்கும் 15 கிராம் சர்க்கரையைச் சாப்பிட்டு, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு சுற்று. ஏறிய பிறகும் தலை தெளிய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் போனதே தெரியாது. இவருக்குத் தேவை, அந்த நேரம் கணக்கில் சேராத இடைவேளை. கையில் சர்க்கரை மாத்திரையும் தண்ணீரும் இருக்க அனுமதி. உடம்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் அளவைக் காட்டும் போன் மேசையிலோ கண்காணிப்பாளர் கையிலோ இருக்க எழுத்து மூலமான ஒப்புதல். இந்தப் போன் விஷயத்தை மட்டும் தேர்வுக்கு நெடுநாள் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். அறை வாசலில் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

இப்படி ஒவ்வொரு நோய்க்கும் கோரிக்கை வேறுபடும். மைக்ரேன் உள்ளவருக்குக் கண்ணைக் கூசும் ஒளிவிளக்கு இல்லாத அறை, கணினித் தேர்வுக்குப் பதில் தாளில் அச்சிட்ட வினாத்தாள். லூபஸ் உள்ள பலருக்கு வெயில் பட்டாலே நோய் கிளம்பும் என்பதால், வெயிலில் நடத்தும் களப்பணிக்கு மாற்று நேரம். சிக்கில் செல் நோய்க்குக் குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் வலியைத் தூண்டும், எனவே ஏசி காற்று நேராகப் படாத இருக்கையும் தண்ணீர் பாட்டிலும். நீண்ட நேரம் நின்றால் மயக்கம் வருகிறவருக்கு லேபில் ஒரு ஸ்டூல். ஆஸ்துமாவுக்கு லேப் புகையிலிருந்து விலகிய இடம். உழைத்த மறுநாள் முற்றிலும் முடங்கிப்போகிறவருக்கு ஒரே நாளில் இரண்டு தேர்வுகள் வராத அட்டவணை.

ஹாஸ்டலை மறந்துவிடாதீர்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், எனவே அறையில் ஒரு சிறு குளிர்பெட்டி. தனிக் கழிப்பறை அல்லது அதற்குப் பக்கத்து அறை. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குத் தனி அறை. ஹாஸ்டல் ஒதுக்கீட்டுக்கான கடைசித் தேதி படிப்பு ஏற்பாடுகளுக்கான தேதியை விடப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடுவது வழக்கம்.

சரி, வருகைப்பதிவுக்கு வருவோம். எல்லாக் கோரிக்கைகளிலும் கடினமானது இதுதான். கல்லூரிகள் படிப்பின் அடிப்படைத் தன்மையையே மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் பொதுவாகச் சட்டத்தின் நிலை. நூறு பேர் உட்கார்ந்து கேட்கும் விரிவுரையில் சில நாட்கள் விடுபட்டால் ஒலிப்பதிவைக் கேட்டு ஈடுகட்டலாம். கலந்துரையாடலே பாடமாக இருக்கும் வகுப்பிலோ நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக் கற்கும் பயிற்சியிலோ அது முடியாது. எனவே "எத்தனை நாள் வேண்டுமானாலும் விடுப்பு" என்று கேட்காதீர்கள், மறுக்கப்படும். அளவோடு கேளுங்கள்: இத்தனை வகுப்புகள் வரை கூடுதலாக விடுபடலாம், இத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்வேன், விடுபட்டதை இப்படி ஈடுசெய்வேன், ஒப்படைப்புத் தேதி ஒவ்வொன்றும் இத்தனை நாள் தள்ளலாம். எண்கள் எழுத்தில் இருந்தால் ஆசிரியரின் மனநிலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. "தேவைப்பட்டால் தளர்வு அளிக்கப்படும்" என்ற வாக்கியம் கேட்க இதமாக இருக்கும், ஆனால் உடம்பு முடியாத நாளில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

## நான்காம் படி: யாரிடம், எப்போது

கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகம், டிசபிலிட்டி சர்வீசஸ், சம வாய்ப்பு மையம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இணையதளத்தில் கிடைக்கவில்லை என்றால் மாணவர் நலத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். இடம் கிடைத்து, சேருவது உறுதியானதும் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும்.

தாமதிக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஏற்பாடுகள் பொதுவாக ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்துதான் செல்லும், பின்னோக்கிச் செல்லாது. தேர்வில் தவறிய பிறகு நோயைச் சொன்னால், அந்த மதிப்பெண் மாறுவது அரிது. "முதல் பருவத்தைச் சமாளித்துப் பார்க்கிறேன், முடியாவிட்டால் கேட்கிறேன்" என்பது பலர் எடுக்கும் முடிவு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாங்கி வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

பள்ளியில் பெற்றோரும் ஆசிரியரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரியில் மாணவரே வாய் திறந்து கேட்க வேண்டும். அமெரிக்காவில் 504ஆம் பிரிவின்கீழ் பள்ளியில் போட்ட ஏற்பாட்டுத் திட்டம் கல்லூரிக்குத் தானாகத் தொடராது. அங்கே கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே போய்விடுகிறது. எனவே அப்பா அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தால் பதில் கிடைக்காமல் போகலாம். அவர்களும் பேச வேண்டும் என்று விரும்பினால், மாணவர் ஒப்புதல் படிவத்தில் முன்பே கையெழுத்திட்டு வைக்கலாம். "வெளியே சொல்லாதே, பின்னால் பிரச்சினை" என்று வீட்டில் பயப்படுவதும் நடக்கும். அலுவலகத்துக்குக் கொடுக்கும் மருத்துவ விவரம் வழக்கமாக அந்த அலுவலகத்தோடே நிற்கும் என்பதையும், ஆசிரியருக்குப் போகும் கடிதத்தில் ஏற்பாடு மட்டுமே இருக்கும், நோயின் பெயர் இருக்காது என்பதையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டு உறுதிசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

## ஐந்தாம் படி: ஆசிரியர்களிடம் பேசுவது

ஒப்புதல் கடிதம் வந்ததும் பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ஆசிரியருக்கும் மெயில் அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

"வணக்கம். உங்கள் வகுப்பில் இந்தப் பருவம் சேர்ந்திருக்கிறேன். எனக்கான ஏற்பாடுகள் பற்றிய கடிதத்தை அலுவலகம் உங்களுக்கு அனுப்பியிருக்கும். திடீரென்று உடம்பு முடியாத நாட்களில் உங்களுக்கு எப்படித் தகவல் சொல்வது, விடுபட்ட லேப் வகுப்பை எப்போது முடிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள விரும்புகிறேன். இந்த வாரம் பத்து நிமிடம் கிடைக்குமா?"

நேரில் பேசிய பிறகு, பேசி முடிவானதை நான்கு வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள். "இன்று பேசியபடி" என்று தொடங்கும் அந்த மெயில்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம். ஒரு விதிவிலக்கு உண்டு. வலிப்பு, கடும் ஒவ்வாமை, சர்க்கரை இறங்குதல் போல உடனடி உதவி தேவைப்படக்கூடிய நோய் என்றால், லேப் பொறுப்பாளருக்கும் அறைத்தோழருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும்.

## ஆறாம் படி: நோய் கிளம்பிய நாள்

அன்றைக்கு யோசித்து எழுத முடியாது. எனவே போனில் ஒரு வரைவு தயாராக இருக்கட்டும்: "எனது ஏற்பாட்டின்படி இன்று வகுப்புக்கு வர இயலவில்லை. திங்கட்கிழமைக்குரிய பணிக்கு அனுமதிக்கப்பட்ட கூடுதல் நாட்களைப் பயன்படுத்துகிறேன்." தேதியை மட்டும் மாற்றி, அலுவலகத்துக்கும் நகல் போட்டு அனுப்புங்கள். குறிப்புகளைப் பகிர ஒரு வகுப்புத் தோழரை முன்பே கேட்டு வைத்திருங்கள். மருத்துவமனைச் சேர்க்கை என்றால், உங்கள் சார்பில் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல ஒருவரின் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும்.

## மறுத்தாலோ, ஒப்புக்கொண்டு செய்யாவிட்டாலோ

இரண்டும் வேறு வேறு. அலுவலகம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மாற்று என்ன தர முடியும் என்றும் கேளுங்கள். பல நேரம் டாக்டர் கடிதத்தில் ஒரு பத்தி சேர்த்தாலே தீர்ந்துவிடும். ஒப்புதல் இருந்தும் ஆசிரியர் செய்ய மறுத்தால், அவரோடு வாக்குவாதம் வேண்டாம்; அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதைச் செய்ய வைப்பது அவர்கள் பொறுப்பு.

உள்ளே தீராவிட்டால் வெளியே போகலாம். அமெரிக்காவில் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்தில் சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல்கலைக்கழகத்தின் இறுதி முடிவுக் கடிதம் வந்த 12 மாதங்களுக்குள் மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயேச்சை தீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். இந்தியாவில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

## பாடச்சுமையைக் குறைப்பதும் இடைவெளி எடுப்பதும்

சில பருவங்களில் எந்த ஏற்பாடும் போதாது. இரண்டு பாடங்களைக் குறைத்துக்கொள்வது, ஒரு பாடத்தை "முடிவுறாதது" என்று வைத்துப் பின்னர் முடிப்பது, மருத்துவ விடுப்பு எடுப்பது, எல்லாமே முறையான வழிகள்தான். தோற்றுப்போன பருவத்தை விடக் குறைத்த பருவம் எவ்வளவோ மேல். ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களில் விசாரியுங்கள்: உதவித்தொகை, ஹாஸ்டல், மருத்துவக் காப்பீடு. முழுநேர மாணவர் என்ற தகுதி போனால் இம்மூன்றும் ஆட்டம் காணலாம்.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்காகப் பாடச்சுமையைக் குறைக்க விதியில் இடமிருக்கிறது. ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதங்கள் வரை. ஆனால் டாக்டர் கடிதத்தோடு சர்வதேச மாணவர் அலுவலரிடம் முன் அனுமதி பெற்ற பிறகுதான் பாடத்தைக் கைவிட வேண்டும். முதலில் கைவிட்டுவிட்டு அப்புறம் சொன்னால் விசா நிலையே பறிபோகலாம்.

## கல்லூரிக்கு வெளியே நடக்கும் தேர்வுகள்

கல்லூரி தந்த ஒப்புதல் நுழைவுத் தேர்வுகளுக்கோ, உரிமத் தேர்வுகளுக்கோ, மருத்துவமனைப் பயிற்சிக்கோ, நிறுவனங்களில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கோ செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. அங்கே அவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு முன் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்பதுதான். எனவே கல்லூரியின் ஒவ்வொரு ஒப்புதல் கடிதத்தையும் பருவ வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். டாக்டர் கடிதம் அண்மையில் எழுதியதாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. கடைசி ஆண்டு தொடங்கும் முன் வருகிற செக்கப்பிலேயே புதிய தேதியிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.